நாற்பத்தெட்டு கிலோவுக்குள் என் அண்ணன்

நேற்று காலை சில்வர் பீச்சில் நடையை முடித்துவிட்டு, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடிக்கும்போது ஒரு கேள்வி கேட்டீர்கள் அல்லவா, அதற்குத்தான் இந்தப் பதில். நம் தலைமையாசிரியர், ஓய்வு பெற்றாலும் நமக்கு அவர் தலைமையாசிரியர்தான், தன் பேரனைக் கபடியில் சேர்க்கப் போகிறார். ஊரில் இரண்டு கோச்சுகள் இருக்கிறார்களாம். எவரிடம் விடுவது என்று கேட்டார். கண்டிப்பான ஆளாகப் பாருங்கள் என்றார் முன்னாள் தாசில்தார். எத்தனை கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள் என்றார் பேங்க்காரர். "ஆடினவரு நீங்கதான மாமா, நீங்க சொல்லுங்க" என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டபோது, காப்பியில் காரம் ஜாஸ்தி என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். எல்லோரும் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன்.

முதுநகரில் எங்கள் வீட்டுக்கும் உப்பனாற்றுக்கும் நடுவில் ஒரு மணல்திடல் இருந்தது. இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றன. அன்று ஒரு பக்கம் கருவாடு காயும், மறு பக்கம் நாங்கள் கபடி ஆடுவோம். வீடு திரும்பினால் எது கருவாட்டு நாற்றம், எது வியர்வை நாற்றம் என்று அம்மாவால் பிரிக்க முடியாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே திட்டாகத் திட்டி, கிணற்றடிக்கு விரட்டுவாள்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரை மாஸ்டர் என்போம். ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிற வேலை அவருக்கு. வேலை முடிந்ததும் நேராகத் திடலுக்கு வருவார். தோளில் கை வைத்தால் சட்டைக்கு மேலேயே ஜில்லென்று இருக்கும். அவரை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளம் இல்லாமல் வந்தவர். எவனுக்காவது கணுக்கால் பிசகினால் ஐஸைச் சாக்குத் துணியில் சுற்றி எடுத்துவந்து, அவரே மண்டியிட்டு உட்கார்ந்து ஒத்தடம் கொடுப்பார். ஆட்டமும் நன்றாகத் தெரிந்தவர். "பாடி வர்றவன் கண்ணப் பாக்காத, இடுப்பப் பாரு. கண்ணு பொய் சொல்லும்டா, இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார். இன்றைக்கும் டிவியில் கபடி பார்க்கும்போது என் கண் இடுப்புக்குத்தான் போகிறது.

எங்கள் இரண்டு பேரையும் அப்பாதான் அவரிடம் கொண்டுபோய் விட்டார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர் அப்பா. "கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிடுங்க மாஸ்டர்" என்றார். உங்களையும் யாராவது இப்படித்தான் ஒப்படைத்திருப்பார்கள். அதை நாம் பாசம் என்றே எடுத்துக்கொண்டோம். பாசம்தான். அதுதான் கஷ்டம்.

அந்தக் கோடையில் சிதம்பரத்தில் ஒரு பெரிய பந்தயம் இருந்தது. விளையாட்டு விடுதிக்குப் பையன்களைப் பொறுக்கி எடுக்க ஆட்கள் வருவார்கள் என்று மாஸ்டர் விசாரித்துக்கொண்டு வந்தார். விடுதியில் சேர்ந்துவிட்டால் மூன்று வேளைச் சாப்பாடு, படிப்பு, பிறகு ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை. எங்கள் தெருவிலிருந்து ஒருவன் போக முடியும் என்றால் அது என் அண்ணன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவன் கபடி பாடிப் போனால் எதிர்ப் பக்கத்தில் ஒருவனையாவது தொடாமல் திரும்ப மாட்டான். "இவன் தோளுல மூட்ட ஏறக்கூடாது" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். தன் தோளைத் தடவிக்கொண்டுதான் சொல்வார்.

எங்கள் பக்கத்துக் கபடியில் எடைதான் எல்லாம் என்பது உங்களில் ஆடாதவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் டீம் நாற்பத்தெட்டு கிலோவுக்குள். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவனையும் தராசில் நிற்க வைப்பார்கள். முள் தாண்டினால் வெளியே போக வேண்டியதுதான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மாஸ்டர் எங்களை மீன் ஏலம் விடும் இடத்துக்குக் கூட்டிப்போய், மீன் எடை போடும் தராசில் ஏற்றினார். செதிள் ஒட்டிய பலகை, வழுக்கும். நான் நோஞ்சான், எனக்குக் கவலையில்லை. அண்ணன் ஏறி நின்றபோது ஐம்பத்தொன்றுக்கு மேல் காட்டியது. மாஸ்டர் இரண்டாம் முறை ஏற்றினார். தராசுக்காரரைத் திட்டினார். பிறகு அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். அந்த வருஷம் அம்மா அவன் கால்சட்டை மடிப்பைப் பிரித்துவிட்டிருந்தாள். அப்படியும் அது தொடையில்தான் நின்றது.

"இன்னாடா இப்புடி வளந்துட்ட?" என்று கேட்டார் மாஸ்டர்.

அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "தெரியாம வளந்துட்டேன் மாஸ்டர்" என்றான்.

ஏலக்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். இப்போது அதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

வழி இல்லாமல் இல்லை. ஆற்றுக்கு அந்தக் கரை டீம் அடுத்த எடைப் பிரிவில் ஆடியது. அவர்களின் தலைவர் சைக்கிளில் வந்து, "பையன எங்களோட அனுப்புங்க மாஸ்டர், ஆடட்டும்" என்று கேட்டார். மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. "நான் செதுக்கின புள்ள, இன்னொருத்தன் பனியனப் போட்டுக்கினு நிப்பானா?" என்றார். வந்தவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். எங்கள் டீமில் எல்லோரும் மாஸ்டர் பக்கம்தான். அண்ணனும்தான். அவன்தான் முதலில் கை தட்டினான்.

அதற்குப் பிறகு எடை குறைக்கிற திருவிழா ஆரம்பித்தது. உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு, சட்டைக்கு உள்ளே மாட்டிவிட்டார் மாஸ்டர். அதோடு கத்திரி வெயிலில் மணலில் ஓட வேண்டும். பையைக் கழற்றினால் வியர்வை குடத்தைக் கவிழ்த்த மாதிரி கொட்டும். அதைப் பார்த்து மாஸ்டருக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்திரிச் சோறு நின்றது. பிறகு காலை இட்லியும் பாதியானது. ஒரு நாள் முடி எடுத்தால் எடை குறையும் என்று யாரோ சொல்ல, அவனுக்கு மொட்டையும் அடித்தார்கள். எதிர்வீட்டு ஆயா, "எந்தக் கோயிலுக்குப்பா வேண்டுதல?" என்று கேட்டாள். "தராசு சாமிக்கு ஆயா" என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பண்ருட்டியிலிருந்து மாமா பலாப்பழம் கொண்டுவந்து இறக்கினார். வீட்டில் பழுத்த பலாவை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பதை நினைத்துப் பாருங்கள். அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் மாதா கோயில் வாசலில் படுத்தான். அங்கே வரை வாசனை வருகிறது என்று காலையில் வந்து சொன்னான்.

அம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "வளர்ற புள்ளயப் பட்டினி போடலாமா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"மாஸ்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றார் அப்பா.

அம்மாவே மாஸ்டர் சொன்னபடி கடைசி இரண்டு நாள் தண்ணீரையும் அளந்தாள். அவன் கைக்கு எட்டக்கூடாது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள். தண்ணீர் குடித்தால் ஆட்டத்தில் மூச்சுப் பிடிக்க வராது என்று அன்று ஊரே நம்பியது. நம் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரும் அதைத்தானே சொன்னார்? மறந்திருக்க மாட்டீர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. கிளம்புகிறதற்கு முந்தின மாலை, ஒரு சொம்புத் தண்ணீரைத் துண்டில் மறைத்துக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் முருங்கை மரத்தடியில் சாய்ந்திருந்தான். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. சொம்பை வாங்கி ஒரு வாய் வைத்துக்கொண்டான். கண்ணை மூடி, கன்னத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒதுக்கி ஒதுக்கி, வெகு நேரம் வைத்திருந்தான். பிறகு மரத்தடியில் துப்பிவிட்டான்.

"முழுங்குடா" என்று கெஞ்சினேன்.

"வேணாண்டா. ஏறிடும்" என்றான். மிச்சத் தண்ணீரை முருங்கைக்கே ஊற்றச் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. இவனை என்ன செய்வது? அடித்துக் குடிக்க வைக்கலாம் என்றால் அவன் என்னைவிட ஒரு முழம் உயரம்.

மறுநாள் விடியும்போது ஜங்ஷனில் பாசஞ்சர் ஏறினோம். கரிவண்டிக் காலம் அது. மாஸ்டர் அண்ணன் வாயில் ஒரு புளி உருண்டையைத் திணித்துவிட்டார். எச்சில் ஊற ஊறத் துப்பிக்கொண்டே வர வேண்டுமாம், அதுவும் எடைதானாம். ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே துப்பினான். முதலில் எச்சில் வந்தது. கிள்ளைக்கு அப்புறம் துப்புகிற சத்தம் மட்டும்தான் வந்தது. எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "மசக்கையா தம்பி?" என்று கேலி செய்தாள். டீமே சிரித்தது. அண்ணனும் சிரிக்கப் பார்த்தான், உதட்டில் ரத்தம் வந்தது.

சிதம்பரத்தில் மைதானத்து ஓரமாகத் தராசு வைத்திருந்தார்கள். அண்ணன் முறை வந்தபோது முள் ஒரு நூல் தாண்டி நின்றது. பிளாஸ்டிக் பையை மாட்டி மைதானத்தைச் சுற்ற விட்டார்கள். திரும்ப வந்து ஏறினான். தராசுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார். மாஸ்டர் ஓடிப்போய் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். கத்தினார், முத்தம் கொடுத்தார். தூக்கியவருக்கு அந்த உடம்பு எவ்வளவு லேசாக இருந்தது என்று தெரிந்திருக்காதா? எனக்கு அது இன்றுவரை விளங்கவில்லை.

எடை போட்டதும் குளுக்கோஸ் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவ்வளவும் வாந்தியாகிவிட்டது. "பித்தம்" என்றார் மாஸ்டர். முதல் ஆட்டம் ஜெயித்தோம். அண்ணன் பறந்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "மொட்ட, மொட்ட" என்று கத்தினார்கள். எனக்குக்கூட, மாஸ்டர் செய்தது சரிதானோ என்று தோன்றிவிட்டது.

இரண்டாவது ஆட்டம் உச்சி வெயிலில். நான் இடது ஓரத்தில் நின்றேன். அண்ணன் பாடிப் போனான். பேட்டரி தீர்ந்த ரேடியோ மாதிரி அவன் குரல் உள்ளே உள்ளே போனது. எதிர்க்களத்தின் நடுவில் நின்றுவிட்டான். வழி கேட்கிறவன் மாதிரி எதிராளிகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு மண்டி போட்டான். அவர்கள் இது ஏதோ தந்திரம் என்று பயந்து, ஒருவனும் தொடாமல் பின்வாங்கினார்கள்.

"லைனத் தொடு! லைனத் தொடுடா கண்ணு!" என்று மாஸ்டர் கோட்டுக்கு வெளியே கத்திக்கொண்டிருந்தார்.

அண்ணன் குப்புற விழுந்தான். நான் ஓடினேன். கோட்டைத் தாண்டிவிட்டேன் என்று நடுவர் விசில் ஊதி என்னை அவுட் என்றார். அண்ணனைப் புரட்டிப் போட்டபோது உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி சுட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். விடுதிக்குப் பையன்களைப் பொறுக்க வந்தவர் அவர்தான். அண்ணனைத் தன் ஜீப்பில் ஏற்றினார். காலை என் மடியிலும் தலையை மாஸ்டர் மடியிலுமாகக் கிடத்தினோம். போகிற வழியில் அவர் முன்சீட்டிலிருந்து திரும்பி, அண்ணனின் காலையும் கையையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எவ்வளவு நாளா சாப்பிடல?" என்று கேட்டார். நான் சொன்னேன்.

"இவ்வளவு உயரமான பையன இந்த எடையில ஏன்யா நிக்க வச்சீங்க? நாங்க உயரமான பசங்களத்தான் தேடிக்கிட்டு வந்திருக்கோம். மேல் பிரிவுல இவன் வந்து சும்மா நின்னிருந்தாலே எடுத்திருப்பேன்" என்றார்.

ஜீப் மேல வீதியில் குலுங்கிக்கொண்டு போனது. மாஸ்டர் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை நான் தொட்டுப் பார்த்தேன், எப்போதும் ஜில்லென்று இருக்கிற கை அன்று கொதித்தது.

செய்தி போய், அப்பா பஸ் பிடித்து வர இருட்டத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாஸ்டரைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார்.

"மன்னிச்சிக்குங்க மாஸ்டர். ஒங்க ஒழைப்பு அவ்வளவும் வீணாப் போச்சி. எங்க புள்ளைக்கு ஒடம்பு பத்தல" என்றார்.

மாஸ்டர் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"அப்பா, அந்தத் தொப்பிக்காரரு இன்னா சொன்னாருன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"பெரியவங்க பேசும்போது நடுவுல வாயத் தொறக்காத" என்று அப்பா அதட்டினார். பிறகு மாஸ்டரை வெளியே அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். குற்றம் செய்தவரிடம் பறிகொடுத்தவர் மன்னிப்புக் கேட்டு, டீயும் வாங்கிக் கொடுத்ததை நான் தூணோரம் நின்று பார்த்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, தொப்பிக்காரர் சொன்னதை முழுசாகச் சொன்னேன். "அவரு வேணும்னா செஞ்சாரு?" என்றார் அப்பா. வேண்டுமென்று செய்யவில்லைதான்.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் அடிபட்டுவிட்டது, இனி ஓடி ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் அவன் வளர்ந்தான். குனியாமல் எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்ட முடியாத அளவுக்கு வளர்ந்தான். துறைமுகத்தில் கொஞ்ச காலம் மூட்டை எண்ணினான். பிறகு கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டான். உங்களில் பாதிப் பேர் அவனிடம் நகல் எடுத்திருப்பீர்கள். மாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. மாஸ்டர் அதற்கப்புறம் திடல் பக்கமே வரவில்லை. நாங்கள் போய்க் கூப்பிட்டோம், கதவைச் சாத்திக்கொண்டார். அதுவும் தப்பு என்றுதான் இப்போது தோன்றுகிறது. பிள்ளைகளை எப்படி நடத்தக்கூடாது என்று அந்த ஊரிலேயே தெரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். அவர் போய் நிறுத்திக்கொண்டால் எப்படி?

தலைமையாசிரியரே, கண்டிப்பு, உழைப்பு, ஆட்ட அறிவு, பாசம், நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன அத்தனையும் எங்கள் மாஸ்டரிடம் இருந்தது. அதனால் கோப்பைகளை எண்ணாதீர்கள். ஒரு சாயங்காலம் போய் ஓரமாக நில்லுங்கள். ஒரு பிள்ளை "முடியல சார்" என்று சொல்லிவிட்டு, அவமானப்படாமல் போய் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் பேரன் வளர்ந்தால் அந்த ஆளுக்குச் சந்தோஷம் வருமா என்று பாருங்கள், அவருடைய டீமைவிட்டுப் போகிற அளவுக்கு வளர்ந்தாலும். இதைப் பார்த்துவிட்டால் போதுமா என்றால், எனக்குத் தெரியாது. எங்களில் எவனும் முடியவில்லை என்று சொல்லியிருக்க மாட்டான். நாங்கள் அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

அண்ணன் விழுந்த மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் நேற்று எனக்குப் பேச வரவில்லை. அப்பா அம்மாவை அழைத்துவரப் போயிருந்தார். கட்டிலின் ஒரு பக்கம் நான், மறு பக்கம் மாஸ்டர். அவர் விடிய விடிய அங்கேயே உட்கார்ந்திருந்தார். குளுக்கோஸ் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கண் விழித்தான். நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, இனி தண்ணீர் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் எழுந்து டம்ளர் நிறைய ஊற்றினார். பாதி தரையில் கொட்டியது. மறுபடி நிறைத்தார். அண்ணன் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி, டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார்.

"விடுதிக்கு எடுத்துட்டாங்களா மாஸ்டர்?" என்று கேட்டான் அண்ணன்.

"மொதல்ல குடிடா கண்ணு" என்றார் மாஸ்டர்.

அண்ணன் டம்ளரைப் பார்த்தான். விளிம்பு வரை இருந்த தண்ணீரைப் பார்த்தான். பிறகு மாஸ்டர் முகத்தைப் பார்த்து, அவ்வளவு மரியாதையாகக் கேட்டான்:

"எவ்ளோ குடிக்கலாம் மாஸ்டர்?"